கறுப்புத் துணியில் விழுந்த பந்து

மழை விட்ட ஒரு பிற்பகலில்தான் டீச்சர் முதன்முதலாக என் ஸ்டூடியோவுக்குள் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "அண்ணே, இருட்டுக்குள்ள கீழ விழுற பந்த ஒரே போட்டோவுல அஞ்சாறு தடவ எடுக்க முடியுமா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஐந்தாறு பந்துகளையா என்று கேட்டேன். "பந்து ஒண்ணுதான். அது போற வழி முழுக்க ஒரே படத்துல தெரியணும். ஒவ்வொரு எடத்துலயும் அது நின்னுட்டுப் போன மாதிரி இருக்கணும்." நான் சிரித்தேன். வட்டவளைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் அன்றாடம் எடுப்பது அடையாள அட்டைப் படம். சனி ஞாயிறு என்றால் கல்யாணம், சடங்கு. அந்தத் தொழிலில் என் வாயில் அதிகம் வந்த வார்த்தை "ஆடாம நில்லுங்க" என்பதுதான். ஓடுகிற ஒன்றை ஓடவிட்டே பிடித்துத் தரச் சொல்லி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் சிரித்ததை டீச்சர் பொருட்படுத்தவில்லை. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, வேற ஆளப் பாக்கிறேன். ஆனா ஏன் முடியாதுன்னும் சொல்லணும்," என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் டீச்சர். எந்த மறுப்பையும் அவர் காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டதில்லை.

எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்து, பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, எங்கள் பகுதித் தோட்டப் பாடசாலைக்கு நியமனம் பெற்று வந்திருந்தார். குள்ளமான உருவம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். நடப்பதும் பேசுவதும் ஒரே வேகம். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் மேட்டில் ஏறி வருவதைப் பார்த்தால் யாரோ ஒருவரிடம் சண்டைக்குப் போகிறார் என்றுதான் தோன்றும். பல நாட்கள் அது உண்மையாகவும் இருந்தது. ஆசிரியர் அறையில் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கச் சிலர் தயங்கினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் மட்டும் தயங்கவில்லை.

அவர் வந்த வருடத்தில்தான் அந்தப் பாடசாலையில் முதன்முறையாக உயர்தர வகுப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டு வருடத்தில், கணிதப் பிரிவு தொடங்கியது. ஆறு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அதற்கு முன்பு, கீழ் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. நகரத்துப் பெரிய பாடசாலையில் இடம் கேட்டு அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் இருக்கிற இடத்திலேயே கலைப் பிரிவில் உட்கார வேண்டும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். கலைப் பிரிவு தாழ்ந்தது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கதவு ஒன்றுதான் திறந்திருந்தது, அதன் வழியாகப் போனேன். டீச்சர் முதல் நாள் மேசையில் கையூன்றி நின்று இந்த ஆறு பிள்ளைகளைப் பற்றிச் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அதனால்தான்.

விஷயம் இதுதான். கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் சேர் ஒருவர், ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் கணிதப் பிரிவு நடத்த முடியாது என்றும், பாடசாலைத் தவணை முடிவதற்குள் பிள்ளைகளைக் கலைப் பிரிவுக்கு மாற்றிவிடும்படியும் அதிபரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆய்வுகூடம் கேட்டு டீச்சர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. செய்முறை இல்லாமல் எப்படிப் பௌதிகவியல் படிப்பிப்பீர்கள் என்று அந்தச் சேர் கேட்டாராம். "செஞ்சு காட்டுறேன், வந்து பாருங்க சேர்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வருவதாக அவரும் ஒத்துக்கொண்டார். "எறியம்னு ஒரு பாடம் இருக்குண்ணே. எறிஞ்ச பொருள் எப்படிப் போகுது, எப்படி விழுதுன்னு. பெரிய ஸ்கூல்ல இதுக்கு மெஷின் வச்சிருப்பாங்க. நமக்கு உங்க கெமரா இருக்கு, ஒரு இருட்டறை வேணும், மின்னி மின்னி எரியிற லைட் ஒண்ணு வேணும்." கெமராவின் ஷட்டரைத் திறந்தே வைக்க வேண்டும், அறை முழு இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் ஒரே சீராக விட்டுவிட்டு மின்ன வேண்டும். ஒவ்வொரு மின்னலுக்கும் பந்து இருந்த இடம் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாகப் பதியும். அவர் இதைச் சொல்லி முடித்தபோது, நான் பதினைந்து வருடமாகக் கையில் வைத்திருந்த கருவியை யாரோ முதல் தடவை திறந்து காட்டியது போல இருந்தது.

மின்னி எரியும் விளக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடுகளுக்குச் சவுண்டும் டிஸ்கோ விளக்கும் வாடகைக்கு விடும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், எங்கள் தெருவிலேயே கடை வைத்திருந்தார். ஆட்டப் பாட்டு போடும்போது எரியுமே, ஆட்களின் கைகால்கள் வெட்டி வெட்டி அசைவது போலக் காட்டும், அந்த விளக்கு. நானா முதலில் மறுத்தார். "ஸ்கூலுக்கு டிஸ்கோ லைட்டா? என்னத்துக்கு டீச்சர்? நாளைக்கு ஒத்தன் போட்டோ எடுத்துப் போட்டா என்ட கடைக்குத்தான் பேச்சு வரும்." டீச்சர் அவருடைய முக்காலியிலேயே உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார். அரை மணி நேரம் கழித்து நானா விளக்கின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகைத் திருப்பினால் மின்னல் கூடும் குறையும் என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். சனி ஞாயிறு தர முடியாது, கிழமை நாட்களில் எடுத்துக்கொள்ளலாம், பல்ப் போனால் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனைகளோடு விளக்கு எங்கள் கைக்கு வந்தது.

பாடசாலை மண்டபம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். ஜன்னல்களைத் தேயிலை நாற்றுமேடைக்குப் பயன்படும் கறுப்புப் பொலித்தீனால் மூடினோம். பந்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு மாணவனின் அப்பா தீர்வு தந்தார். தோட்டத்துத் துரைமார் கோல்ப் ஆடும் கிளப் மைதானத்தை ஒட்டிய மலையில் புல் வெட்டும்போது தேயிலைச் செடிகளுக்குள் கோல்ப் பந்துகள் கிடைக்கும். வெள்ளை நிறம், நல்ல கனம், காற்றுக்கு அலையாது. இரண்டு பந்துகளைக் கழுவித் துடைத்துக் கொடுத்தனுப்பினார்.

முதல் நாள் படம் ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றிலும் வெறும் சாம்பல் நிறம். கெமராவில் கோளாறு என்று நினைத்து நான் திறப்பைக் குறைத்தேன், கூட்டினேன், லென்ஸைத் துடைத்தேன். விளக்கு மின்னும்போது ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள்: "டீச்சர், உள்ள மூட்டம் வந்திருக்கு." உண்மைதான். கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியால் மூடுபனி மெல்ல உள்ளே இறங்கியிருந்தது. ஒவ்வொரு மின்னலும் பந்தை அல்ல, பனியைத்தான் காட்டியது. எங்கள் ஊரில் வகுப்பறைக்குள் பனி வருவது யாரும் பேசுகிற விஷயமே இல்லை; கரும்பலகை ஈரமாகும், பிள்ளைகள் துடைத்துவிட்டு எழுதுவார்கள். அன்றுதான் அது ஒரு படமாக, ஆதாரமாக என் கெமராவில் விழுந்தது. "இதையும் ஒரு பிரிண்ட் போடுங்கண்ணே, சேர் வந்தா காட்டணும்," என்றார் டீச்சர், சிரிக்காமல்.

இடைவெளிகளைச் சாக்கால் அடைத்தோம். வெயில் ஏறிய பிறகே வேலையைத் தொடங்குவது என்று வைத்துக்கொண்டோம். அடுத்த சிக்கல் பின்சுவர். வெள்ளை அடித்த சுவரில் வெள்ளைப் பந்து தெரியவில்லை. பெரிய கறுப்புத் துணி ஒன்று வேண்டும். கடையில் விலை விசாரித்து வந்தோம். டீச்சர் 'கேள்விக்காரி' என்று பெயர் வைத்திருந்த மாணவி மறுநாள் ஒரு மூட்டையோடு வந்தாள். சம்பள உயர்வு கேட்டு லயங்களில் கறுப்புக் கொடி கட்டிய நாட்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. இறக்கிய கொடிகள் தோட்டக் கமிட்டித் தலைவர் வீட்டில் குவிந்து கிடந்தன. அவளுடைய அம்மா அவற்றை வாங்கி, பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு சுவரளவு துணியாகத் தைத்துக் கொடுத்திருந்தார். சில இடங்களில் கம்பு செருகிய மடிப்பு அப்படியே இருந்தது. மழையில் நனைந்து சாயம் போன கொடிகளை ஓரத்துக்குத் தள்ளி, நல்ல கறுப்பை நடுவில் வைத்துத் தைத்திருந்தார். விரித்துக் கட்டியதும் டீச்சர் அதன் தையல்களை விரலால் தடவிப் பார்த்தார்.

அன்று வகுப்பில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மேசை விளிம்பிலிருந்து ஒரு பந்தை நேராகக் கீழே விடுகிறோம். அதே கணத்தில் இன்னொன்றைக் கிடையாகத் தட்டிவிடுகிறோம். எது முதலில் தரையைத் தொடும்? இரண்டும் ஒன்றாகத்தான் தொடும் என்கிறது புத்தகம். கேள்விக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "தட்டிவிட்ட பந்து அம்புட்டுத் தூரம் போகணும்ல டீச்சர்? தூரம் போறது எப்பிடி நேரா விழுறதோட சேந்து வரும்?" மற்றவர்கள் புத்தகத்தில் இருக்கிறது என்றார்கள். டீச்சர் அவர்களைத்தான் அதட்டினார். "புத்தகத்துல இருக்குன்னு சொல்லாத. அவ நம்பல. அவள நம்ப வை." நான் மேசைக்குப் பக்கத்தில் கெமராவைப் பொருத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் நானும் கேள்விக்காரியின் கட்சிதான்.

மரவேலை தெரிந்த மாணவன் ஒருவன் மேசை விளிம்பில் மெல்லிய பலகைத் துண்டு ஒன்றை நடுவில் ஆணியடித்துச் சுழலும்படி வைத்திருந்தான். வெளியே நீட்டிய ஒரு முனையின் மேல் ஒரு பந்து. மறுமுனைக்கு முன்னால் விளிம்பில் இன்னொரு பந்து. பலகையைச் சுண்டினால் முதல் பந்தின் அடியிலிருந்து பலகை விலகி அது செங்குத்தாக விழும். அதே அசைவில் மற்றது தட்டுப்பட்டு முன்னால் பாயும். உயரம் போதாதென்று மேசையைப் பெஞ்சின் மேல் ஏற்றியிருந்தோம். கதவைச் சாத்தியதும் மண்டபம் கும்மிருட்டானது. விளக்கு மின்னத் தொடங்கியது. பிள்ளைகளின் முகங்கள் வெட்டி வெட்டித் தெரிந்தன, யாரோ சிரித்தார்கள். நான் ஷட்டரைத் திறந்தேன். "இப்ப!" பலகை சுண்டப்பட்டது. டப் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. ஒரே ஒரு சத்தம்.

கெமராவின் சின்னத் திரையைச் சுற்றி ஏழு தலைகள் இடித்துக்கொண்டன. கறுப்பில் இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளிகள். ஒன்று நேர்கோடாகக் கீழே இறங்கியது. புள்ளிகளுக்கு இடையில் தூரம் கீழே போகப் போக அகன்றது. மற்றது வளைந்து வலப்பக்கம் போனது. ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே, அதே மட்டத்தில், மற்ற வரிசையின் புள்ளி. கேள்விக்காரி கோடு போடும் தன் அடிமட்டத்தைத் திரையின் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு, "முன்னால போறது அதோட வேல. கீழ விழுறது அதோட வேல. ஒண்ணு மத்தத மறிக்கல," என்றாள், தனக்குள் பேசுவது போல. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அல்ல அது. டீச்சர் கைதட்டிய சத்தம் கூரைத் தகரத்தில் எதிரொலித்தது.

விளக்கு எவ்வளவு வேகத்தில் மின்னுகிறது என்பதை நானாவின் திருகு சொல்லாது. அதில் எண்கள் இல்லை. அதற்கு அவர்கள் ஒரு வழி செய்தார்கள். கயிற்றில் பந்தைக் கட்டி ஊஞ்சல் போல ஆடவிட்டு, பல ஆட்டங்களுக்கு எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். பிறகு அதே ஆட்டத்தை மின்னும் விளக்கில் படம் எடுத்து, எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று எண்ணினார்கள். மின்னலின் வேகம் கிடைத்துவிட்டது. நான் பெரிதாக்கிக் கொடுத்த பிரிண்டில் அளந்து, விழும் பொருளின் வேகம் கூடும் வீதத்தை, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தபோது, விடை புத்தகத்தில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாக வந்தது. ஒரு மாணவன் அதைச் சரியான எண்ணாக மாற்றி எழுதப் போனான். டீச்சர் பேனாவைப் பிடுங்கிவிட்டார். "வந்தத எழுது. ஏன் கூடுச்சுன்னு தேடு. பிழைய மறைக்கிறவனுக்குத்தான் பிழை அவமானம்." தேடினார்கள். படத்தில் தூரத்தைக் கணக்கிட வைத்த அளவுகோலைப் பந்து விழும் இடத்துக்குப் பின்னால், துணியை ஒட்டி வைத்திருந்தோம். கெமராவுக்குத் தூரத்தில் இருந்ததால் அது சிறுத்துத் தெரிந்தது. முன்னால் கொண்டுவந்து வைத்து மறுபடியும் எடுத்தோம். இது நான் நூற்றுக்கணக்கான கல்யாண ஆல்பங்களில் கற்றுக்கொள்ளாத பாடம்.

கல்வி அலுவலகத்துச் சேர் சொன்னபடி வந்தார். அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மேலே வந்தவர். பரீட்சையில் தோட்டப் பாடசாலைகள் தேறும் வீதம் குறைந்தால் மேலிடத்தில் திட்டு வாங்குவது அவர்தான். அவருக்குப் பிள்ளைகள் மீது வெறுப்பு எதுவும் இருக்கவில்லை, நம்பிக்கைதான் இருக்கவில்லை. மண்டபத்துக்குள் அவரை அழைத்துப் போனோம். அதிபர் கைகளைப் பிசைந்துகொண்டு பின்னால் வந்தார். விளக்கைப் போட்ட அடுத்த கணமே மின்சாரம் போனது.

பத்து நிமிடம் இருட்டில் நின்றோம். பிறகு கதவைத் திறந்தோம். சேர் கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கெல்லாம் இவ்வளவு கஷ்டப்படணுமா டீச்சர்? போன்ல வீடியோ கிடக்கு. போட்டுக் காட்டுங்க, பாத்துக்குவாங்க."

"நீச்சல் வீடியோ பாத்தவன ஆத்துல தள்ளிவிடலாமா சேர்?"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. இவங்க கலைப் பிரிவுல இருந்தா நிச்சயமா பாஸ் பண்ணுவாங்க. ஸ்கூலுக்கும் பேர். இந்தப் பிரிவுல ஆறு பேரும் ஃபெயிலானா நீங்களா பொறுப்பு?"

"ஃபெயிலாகிற உரிமை டவுன் பிள்ளைக்கு மட்டுந்தான் இருக்கா? நம்ம பிள்ளை மட்டும் நிச்சயமா தெரிஞ்சததான் படிக்கணுமா?"

சேரின் முகம் சிவந்தது. நான் பிரிண்ட்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை, அவருடைய பார்வை பின்சுவரில் இருந்தது. கதவு வெளிச்சத்தில் துணியின் மடிப்புகளும் தையல்களும் நன்றாகத் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார். "இது கொடியில்லையா? ஸ்ட்ரைக்குக்குக் கட்டின கொடி?"

அதிபர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் முந்திக்கொண்டார். "ஆமா சேர். கறுப்புத் துணி. மேல விழுற வெளிச்சத்தத் திருப்பி அனுப்பாது. எங்களுக்கு அதுதான் தேவப்பட்டுச்சு. எங்க கட்டியிருந்ததுன்னு பௌதிகவியல்ல கேக்க மாட்டாங்க."

"ஸ்கூலுக்குள்ள அரசியல் செய்றீங்க."

"இந்தப் பிள்ளைங்க என்ன படிக்கணும்னு இவங்களக் கேக்காம முடிவெடுக்கிறதுக்கு என்ன பேரு சேர்?"

அவர் போய்விட்டார். அவருடைய வாகனம் மேட்டில் திரும்பும்போது மின்சாரம் வந்தது. மண்டபத்தில் விளக்கு தானாக மின்னத் தொடங்கியது. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "என்ன பாக்கிறீங்க? கரண்ட் வந்திருச்சு. கதவச் சாத்துங்க," என்றார். அன்று மாலை வரை படம் எடுத்தோம். இன்றைக்கும் என்னிடம் இருக்கிற மிகச் சிறந்த படம் அந்தப் பிற்பகலில் எடுத்ததுதான்.

இரண்டு வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. கணிதப் பிரிவை நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. டீச்சரை மாத்தளைக்கு அப்பால் ஒரு பாடசாலைக்கு இடமாற்றுவது மற்றொன்று. லயத்தில் அன்று மாலை பெற்றோர் கூடினார்கள். டீச்சரைப் போகவிடக் கூடாது, பாதையை மறிப்போம் என்று சிலர் சொன்னார்கள். அவர் எழுந்து, "எனக்காகப் போகாதீங்க. நான் எங்க போனாலும் சம்பளம் வாங்கிச் சோறு திம்பேன். பிரிவு போனா திரும்ப வராது. அதுக்காகப் போங்க. ரெண்டையும் சேத்துக் கேட்டா என்னயக் குடுத்திட்டுப் பிரிவ எடுத்துக்குவாங்க," என்றார். கேள்விக்காரியின் அம்மா மட்டும், "அப்ப ஒங்களுக்கு யாரு பேசுவா?" என்று கேட்டார். "எனக்கு வாய் இருக்கே," என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நான் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கி ஆறு பிரதிகள் போட்டேன். மறுநாள் காலையில் பெற்றோர் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகவில்லை. கொழுந்துக்கூடைக்குப் பதிலாகப் பிள்ளைகளோடு பஸ் ஏறிக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். யாரும் கோஷம் போடவில்லை. வாசலில் இருந்து நடைபாதை வரை வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு வேலையாக அங்கே காத்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து இது என்ன மணிமாலையா, விளக்கா என்று விசாரித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் விளக்கினார்கள். காவலுக்கு நின்ற சிங்களக் காவலாளிக்குக் கேள்விக்காரி சிங்களத்தில் விளக்கினாள். அவர் தன் பையிலிருந்த சாவிக் கொத்தையும் ஒரு நாணயத்தையும் எடுத்து, ஒன்றைக் கீழே விட்டு மற்றதைத் தட்டிப் பார்த்தார். சத்தம் ஒன்றாகக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு முறை செய்து பார்த்தார். உள்ளே இருந்த எழுதுவினைஞர்கள் எட்டிப் பார்த்தார்கள். மதியமாகிவிட்டது, மழை தொடங்கியது. யாரும் எழும்பவில்லை. கடைசியில் அலுவலகத்தின் தலைமை அதிகாரி, பெரிய பணிப்பாளரே வெளியே வந்தார். ஆறு பேரையும் உள்ளே அழைத்து ஒரு மணி நேரம் பேசினார்.

பிரிவு பிழைத்தது. அந்த ஆறு பேரும் அங்கேயே பரீட்சை எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆய்வுகூடத்தைப் பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். டீச்சரின் இடமாற்றம் அப்படியே இருந்தது. அவர் மேன்முறையீடு செய்தார், நேரில் போய் வாதாடினார், தோற்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பௌதிகவியலுக்கு வேறு ஆசிரியர் யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது வாரமே ஞாயிற்றுக்கிழமைக் காலை ரயிலில் வட்டவளையில் வந்து இறங்கினார். பாடசாலையில் வகுப்பு எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. அதனால் என் ஸ்டூடியோவில் எடுத்தார். அருவியும் அன்னப்பறவையும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், மணமக்கள் உட்காரும் சோபாவில் நெருக்கிக்கொண்டு ஆறு பிள்ளைகள் நிலைமின்னியல் படித்தார்கள். கல்யாணம் இருந்தால் நான் சாவியை நானாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். பரீட்சை முடியும் வரை அவர் வந்தார். மண் சரிந்து ரயில் வழியிலேயே நின்றுபோன ஒரு ஞாயிறு, பாதி வழியில் இறங்கி லொறியில் ஏறி, சேற்றோடு வந்து நின்றார். "இன்னக்கி வரமாட்டேன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார். நினைத்தோம் என்று ஒத்துக்கொள்வதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

ஆறு பேரில் மூவர் பல்கலைக்கழகம் போனார்கள். கேள்விக்காரி அவர்களில் ஒருத்தி. ஒருவன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனான். இருவர் தேறவில்லை. மரவேலை தெரிந்த பையன் இரண்டாம் தடவையும் எழுதித் தோற்றான். இப்போது கொழும்பில் மின்தூக்கி பழுதுபார்க்கிறான். ஊருக்கு வரும்போது கடைக்கு வருவான். கலைப் பிரிவில் போயிருந்தால் தேறியிருப்பாயே, கவலையில்லையா என்று ஒரு முறை கேட்டேன். "இல்லண்ணே. தோத்தது நான்தான். என்னய யாரும் தோக்கடிக்கல," என்றான்.

சென்ற வருடம் அந்தப் பாடசாலையில் விழா எடுத்தார்கள். கணிதப் பிரிவு இன்னும் நடக்கிறது. ஆய்வுகூடம் இன்னும் வரவில்லை. புதிதாக வந்திருக்கும் அதிகாரி ஒருவர், இளைஞர், நல்ல மனிதர், என் ஸ்டூடியோவுக்கு வந்தார். அந்தப் பழைய படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்றும் சொன்னார். "வசதி எதுவும் இல்லாமலே சாதிச்ச பிள்ளைகள். மத்த ஸ்கூலுக்கும் இது ஒரு முன்மாதிரி," என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலை டீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"முன்மாதிரியா? எதுக்கு முன்மாதிரி? லேப் குடுக்காம இருக்கிறதுக்கா?" அதே குரல், அதே வேகம். "அண்ணே, நாங்க அத இல்லாததால செஞ்சோம். இல்லாமலே இருக்கணும்னு செய்யல. அந்தப் படத்தக் காட்டி இன்னொரு ஸ்கூலுக்கு 'நீங்களும் கொடியத் தச்சு மாட்டிக்கங்க'ன்னு சொன்னா, நான் வந்து கழட்டி எறிவேன்."

"அப்ப குடுக்க வேணாமா?"

"குடுங்க. கட்டாயம் குடுங்க. ஆனா அதுல ஒரு வரி எழுதிக் குடுங்க." வரியைச் சொன்னார். எங்கே எழுத வேண்டும் என்பதையும் சொன்னார். ஓரத்தில் வேண்டாம், கீழே தனியாகவும் வேண்டாம். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில், கடைசிப் பந்துகள் தரையைத் தொடும் மட்டத்தில்.

அப்படியே செய்தேன். 'இந்தப் பாடசாலைக்கு இன்றுவரை ஆய்வுகூடம் இல்லை' என்ற வரி, பந்துகள் போலவே வெள்ளையாக, கறுப்பின் மேல் நின்றது. விழாவுக்கு முதல் நாள் படத்தைப் பார்த்த அதிகாரி சங்கடப்பட்டார். அமைச்சர் யாரோ வருகிறாராம். "எழுத்த மட்டும் எடுத்துவிட முடியாதா? இல்லாட்டி அந்தக் கீழ்ப் பகுதிய வெட்டிட்டு மாட்டுவோமே."

"வெட்டலாம் சேர்," என்றேன். "ஆனா பந்து ரெண்டும் கீழ வந்து சேராது. அந்தரத்துல நிக்கும். பாக்கிற பிள்ளைங்க கேப்பாங்க, மிச்சம் எங்கன்னு."

அவர் கடைசிப் பந்துகள் வரை விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தொழிலாளியைக் கூப்பிட்டு, படத்தை அப்படியே மாட்ட ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.